எழுத்துக்கு முன்னாடியே எடைக்கல்: ஆதிகால அளவுகள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுதவே தெரியாத ஆளுங்க எப்படி அளந்திருக்க முடியும்?

அளக்குறதுக்கு எழுத்து தேவையே இல்லீங்க. ஒரு பொருளை இன்னொண்ணு பக்கத்துல வச்சு இது அதுக்கு சமமா, கூடவா, கம்மியான்னு பாத்தாலே அளந்தாச்சு. குடிசை போடுறவன் வாசல் நீளத்துக்கு ஒரு குச்சியை உடைச்சு எடுத்துக்கிட்டு காட்டுக்குப் போயி, அந்த குச்சியை வச்சே மரத்தை வெட்டிக்கிட்டு வந்தா வேலை முடிஞ்சது, நடுவுல எந்த எண்ணும் வரல. ஆனா அந்த குச்சி அவனுக்கு மட்டும்தான் பயன்படும். முன்னப்பின்ன தெரியாத ரெண்டு பேர் ஒரு பொருளை கைமாத்தும்போது ரெண்டு பேரும் ஒத்துக்கிற ஒரு கல்லோ கோலோ வேணும், அங்கதான் "அளவு முறை"ன்னு ஒண்ணு பிறக்குது. இதுல படிச்ச வரைக்கும் என் கருத்து, அளவுகளோட வரலாறுங்கிறது கணக்கோட வரலாறுங்கிறதை விட, அந்நியர்களை எப்படி நம்ப ஆரம்பிச்சோம்ங்கிற வரலாறுதான்.

அப்போ முதல் அளவுகோல் எது? உடம்பா?

ஆமா, உலகம் பூரா அப்படித்தான். விரல், சாண், முழம், பாகம், காலடி இதெல்லாம் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர் கத்துக்கிட்டதுன்னு சொல்லவே வேண்டாம், எல்லாருக்கும் கை இருக்கு. 2023-ல ஹெல்சிங்கி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 186 சமூகங்களோட பழக்கவழக்கங்களை ஒண்ணா வச்சுப் பாத்தாங்க, அதுல ரெண்டு கையையும் விரிச்ச நீளம், முழம், சாண் இதெல்லாம் திரும்பத் திரும்ப வருது.

அந்த ஆய்வுல எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. ஸ்டாண்டர்டு அளவுகள் வந்த பிறகும் பல இடங்கள்ல உடம்பு அளவை விடவே இல்ல, ஏன்னா சில வேலைக்கு அதுதான் சரியான அளவு. ஒரு படகையோ வில்லையோ சட்டையையோ அதை பயன்படுத்தப் போற ஆளோட கையை வச்சு அளந்தா அது அந்த ஆளுக்கு கச்சிதமா பொருந்தும். கயிறு அளக்க ரெண்டு கையையும் விரிக்கிறது வசதி, குச்சியைத் தூக்கிக்கிட்டு அலைய வேணாம். அதனால "பாவம், அவங்களுக்கு வேற வழி தெரியல"ன்னு நினைக்கக் கூடாது. விக்கிறவன் முழமும் வாங்குறவன் முழமும் வேற வேறயா இருக்கும்போதுதான் பிரச்சனையே, பூ வாங்கின எல்லாருக்கும் இது தெரியும்.

கோடு போட்ட எலும்பு எல்லாம் காட்டுறாங்களே, அதுவும் அளவுதானா?

அது எண்ணிக்கைக்கு பக்கத்துல வரும், அளவுன்னு சொல்றதுக்கு கொஞ்சம் தூரம். தென்னாப்பிரிக்கா எல்லையில லெபோம்போ மலையில கிடைச்ச பபூன் எலும்புல 29 கீறல் இருக்கு, 40,000 வருஷத்துக்கும் பழசு. காங்கோவுல இஷாங்கோங்கிற இடத்துல 1950-ல ழான் த ஹைன்ஸ்லான்ங்கிற பெல்ஜிய ஆய்வாளர் எடுத்த எலும்பு சுமார் 20,000 வருஷம் பழசு, அதுல கீறல்கள் கூட்டம் கூட்டமா இருக்கு. நிலா நாட்காட்டின்னு சிலர், கணக்குன்னு சிலர், பிடி வழுக்காம இருக்கப் போட்டதுன்னும் சிலர் சொல்றாங்க. ஆதாரம் அந்த கீறலோட நின்னு போச்சு, அதனால இதுல நிறைய கதை கட்டுறவங்களை நான் நம்புறதில்ல.

நீளத்தை விட எடையை அளக்குறது ஏன் இவ்ளோ லேட்டா வந்துச்சு?

நீளம் கண்ணுக்குத் தெரியுது, எடை தெரியாது, தூக்கிப் பாத்தாதான் உண்டு. அதுலயும் நம்ம கை அவ்ளோ நம்பகமான கருவி கிடையாது, வித்தியாசம் கொஞ்சமா இருந்தா கையால கண்டுபிடிக்கவே முடியாது.

ஆனா இந்த பலவீனத்தையே வச்சு ஒரு அளவு முறை வந்திருக்குன்னு 2021-ல நெதர்லாந்து லைடன் பல்கலைக்கழகத்துல இருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. நடு ஐரோப்பாவுல ஆரம்ப வெண்கல காலத்துல மண்ணுக்குள்ள புதைச்சு வச்ச வளையங்கள், வளைஞ்ச பட்டைகள், கோடாரி தகடுகள்னு 5,000-க்கும் மேல எடுத்து நிறுத்துப் பாத்தாங்க. வளையங்கள்ல 70 சதவீதம் வாக்குல சராசரி 195 கிராமுக்கு ரொம்ப பக்கத்துல இருந்துச்சு, அதாவது ஒண்ணை இந்தக் கையிலயும் இன்னொண்ணை அந்தக் கையிலயும் பிடிச்சா வித்தியாசமே தெரியாது. தராசு இல்லாமலே "கைக்கு சமமா இருக்கா, சரி, அப்போ ஒரே மதிப்பு"ன்னு காசு மாதிரி புழங்கியிருக்கலாம்ங்கிறாங்க. எல்லாரும் இதை ஏத்துக்கல. ஆனா எனக்கு இது ரொம்ப நியாயமா படுது, ஏன்னா வாங்குறவன் கையும் விக்கிறவன் கையும் ஒரே அளவுக்குத்தான் தப்பு பண்ணும், அதனால யாருக்கும் ஏமாந்த உணர்வு வராது.

சரி, தராசு எப்போ வந்துச்சு?

நைல் ஆத்துப் பக்கமும் மெசபடோமியாவுலயும் (இன்னைய இராக் பக்கம்) கி.மு. 3000-ஐ ஒட்டின காலத்துல எடை பாக்குற பழக்கம் இருந்ததுக்கு ஆதாரம் வருது. தராசுன்னா ஒரு குச்சி, நடுவுல ஒரு கயிறு, ரெண்டு பக்கமும் தட்டு, அவ்ளோதான், பெரும்பாலும் மரமும் நாரும். அதெல்லாம் மக்கிப் போயிடும். அதனால தராசு இருந்துச்சான்னு தெரிஞ்சுக்க தொல்லியல்காரங்க எடைக்கல்லைத்தான் தேடுவாங்க, கல் மட்டும்தான் மிஞ்சும். அதுலயும் ஒரு சிக்கல், உருண்டையா வழவழன்னு ஒரு கல் கிடைச்சா அது எடைக்கல்லா, அரைக்கிற கல்லா, சும்மா ஆத்துக் கல்லா? ஒத்தைக் கல்லை வச்சு சொல்ல முடியாது. நிறைய கல் கிடைச்சு அதோட எடையெல்லாம் ஒரே எண்ணோட மடங்கா வந்து நின்னாதான் "ஆமா, இது எடைக்கல்"னு உறுதியா சொல்ல முடியும்.

கிராமும் கிடையாது, மாதிரி கல்லும் கிடையாது, முதல் எடைக்கல் செட்டை எப்படி செஞ்சாங்க?

இந்தக் கேள்விக்கான பதில் அழகானது, பொறுமையா படிங்க.

ஏதோ ஒரு சின்னக் கல்லை எடுத்துக்கோங்க, எது வேணாலும். அதை ஒரு தட்டுல வைங்க. இன்னொரு கல்லை தேச்சு தேச்சு முதல் கல்லுக்கு சமமா வர வரைக்கும் குறைங்க. இப்போ உங்ககிட்ட ஒரே எடையில ரெண்டு கல். ரெண்டையும் ஒரே தட்டுல வச்சு, மூணாவது கல்லை அதுக்கு சமமா தேச்சா அது 2 பங்கு. 2 பங்குல ரெண்டு கல் செஞ்சு ஒரே தட்டுல வச்சா 4. அப்படியே 8, 16, 32, 64. தராசுக்கு "சமம்"ங்கிற ஒரு விஷயம்தான் தெரியும், சமத்தை மட்டும் வச்சு மேல ஏறணும்னா ரெட்டிப்பாக்குறதுதான் ரொம்ப சுலபமான வழி. யாரும் உக்காந்து கணக்கு போட்டு "ரெண்டின் மடங்கு வச்சுக்கலாம்"னு முடிவு பண்ணியிருக்க வேண்டியதே இல்ல, கருவியே அங்க தள்ளிவிடும்.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. 1, 2, 4, 8, 16, 32, 64 இந்த ஏழே கல் இருந்தா 1-ல இருந்து 127 வரைக்கும் எந்த முழு எடையையும் நிறுத்துடலாம். பைக்குள்ள ஏழு கல், அவ்ளோதான், வியாபாரி எந்த ஊருக்கும் போகலாம்.

தராசோட கை ரெண்டும் சமமா இல்லாட்டி? பொருளை இந்தத் தட்டுலயும் கல்லை அந்தத் தட்டுலயும் வச்சு ஒரு தடவை, மாத்தி வச்சு ஒரு தடவை பாத்தா குட்டு உடைஞ்சிடும்.

இப்படி ரெட்டிப்பா போற எடைக்கல் நிஜமா எங்கயாவது கிடைச்சிருக்கா?

சிந்துவெளியில. ஹரப்பா, மொஹஞ்சதாரோ, லோதல், தோலாவிரான்னு ஊர் ஊரா கிடைச்சிருக்கு. காலம் கி.மு. 2600-ல இருந்து 1900 வரைக்கும். அங்க எழுத்து இருந்துச்சு, ஆனா இன்னைக்கு வரைக்கும் யாராலயும் எல்லாரும் ஒத்துக்கிற மாதிரி படிக்க முடியல. அதனால அவங்களைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது எல்லாமே பொருள் வழியாத்தான், அதுல எடைக்கல் தர்ற தகவல் மாதிரி துல்லியமா வேற எதுவும் தரலைன்னு நான் சொல்லுவேன்.

பெரும்பாலும் கனசதுரமா, மூலை கூர்மையா, பளபளன்னு இருக்கும். செர்ட்ங்கிற கல், சிக்கிமுக்கி வகை, சிந்துல இருக்கிற ரோஹ்ரி குன்றுகள்ல நிறைய கிடைக்கும், குறுக்கால பட்டை பட்டையா கோடு ஓடும். அந்தக் கல்லை ஏன் எடுத்தாங்கங்கிறதுக்கு காரணம் இருக்கு. கத்தியால கீறினாலும் கோடு விழாத அளவுக்கு கெட்டி, வருஷக்கணக்குல கையில புரண்டாலும் தேயாது. எடைக்கல் தேஞ்சா அது பொய் சொல்ல ஆரம்பிச்சுடும், அது அவங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

மொஹஞ்சதாரோவுல எடுத்த கற்களை ஏ.எஸ். ஹெம்மிங்கிறவர் நிறுத்து அட்டவணை போட்டார், 1931-ல வந்த அகழாய்வு அறிக்கையில அது இருக்கு. சின்ன யூனிட் 0.86 கிராம் வாக்குல வருது. அங்கிருந்து 1, 2, 4, 8, 16, 32, 64-ன்னு ரெட்டிப்பாகுது. அதுக்கு மேல 160, 200, 320, 640, அப்புறம் 1600, 3200, 6400, 8000, 12800. பாத்தீங்களா, கீழ ரெண்டின் மடங்கு, மேல பத்து சேர்ந்துக்குது. சின்னக் கல் செய்யுற இடத்துல தராசோட புத்தி, பெரிய எடைக்கு போனதும் பத்து பத்தா எண்ணுற மனுஷ புத்தி, ரெண்டும் ஒரே வரிசையில உக்காந்திருக்கு. எனக்கு சிந்துவெளியிலயே பிடிச்ச விஷயம் இதுதான், குளத்தை விட, முத்திரையை விட.

அதிகமா கிடைக்கிறது 16-ங்கிற கல், 13.7 கிராம். மொஹஞ்சதாரோவுல கிடைச்ச பெருசு 10,865 கிராம். 12800-ஐ 0.86-ஆல பெருக்கிப் பாருங்க, 11 கிலோ வரும், 150 கிராம் வாக்குலதான் வித்தியாசம்.

கல்லுல எண்ணே எழுதலைன்னு சொல்றாங்க, அப்போ எது எதுன்னு எப்படி கண்டுபிடிச்சாங்க?

பெரும்பாலான கல்லுல எந்தக் குறியும் கிடையாது, நிஜம்தான். ஆனா அடுத்த கல் முந்தினதைவிட ரெண்டு மடங்கு, அது கண்ணுக்கே தெரியும், கையில எடுத்தா இன்னும் நல்லா தெரியும். சந்தேகம்னா தட்டுல போட்டு பாத்தா போச்சு, ரெண்டு சின்னது ஒரு பெருசுக்கு சமமா இருக்கணும். அதாவது அந்த செட்டே தன்னைத்தானே சரிபாத்துக்கும். எழுதி வைக்கிறதை விட இது பாதுகாப்பு, எழுத்துல பொய் எழுதலாம், இதுல முடியாது.

இதையெல்லாம் யார் கண்ட்ரோல் பண்ணாங்க? ராஜாவா?

ஹரப்பாவுக்கும் லோதலுக்கும் நேர்கோட்டுல பாத்தாலே 900 கிலோமீட்டர் வாக்குல இருக்கும். ரெண்டு இடத்துலயும் ஒரே எடை முறை. ஆனா எகிப்து மாதிரி ராஜா சிலை, அரண்மனை, பெரிய கல்லறை எதுவும் சிந்துவெளியில தெளிவா கிடைக்கல. அப்போ யார் இதை ஒழுங்கா வச்சிருந்தது?

ஹரப்பாவுல பல வருஷம் தோண்டின ஜொனாதன் மார்க் கெனோயர், எடைக்கல் நிறைய ஊர் வாசல் பக்கத்துல கிடைக்குதுன்னு கவனிச்சார். ஊருக்குள்ள வர சரக்குக்கு வாசல்லயே வரி வசூல் பண்ண இந்தக் கல்லை பயன்படுத்தியிருக்கலாம்ங்கிறது அவர் கருத்து. சின்னக் கல்தான் அதிகம் கிடைக்குதுங்கிறதும் இதுக்கு ஒத்து வருது, மணி, உலோகம், வாசனைப் பொருள் மாதிரி விலை உசந்த சரக்கைத்தான் கிராம் கணக்குல நிறுப்பாங்க, காய்கறியை இல்ல.

இன்னொரு பக்கம், 2021-ல ஜெர்மனி கோட்டிங்கன் பல்கலைக்கழக குழு மேற்கு ஐரோப்பாவுல இருந்து சிந்து வரைக்கும் 2,000-க்கு மேல எடைக்கற்களோட டேட்டாவை அலசினாங்க. சிந்துவெளியைத் தவிர்த்துப் பாத்தா, மெசபடோமியாவுல இருந்து மேற்கால போகப் போக ஒண்ணுக்கொண்ணு ரொம்ப நெருக்கமான யூனிட்டுகள் படிப்படியா வந்துக்கிட்டே இருக்கு. எந்த ஒரு அரசாங்கமும் அவ்ளோ தூரத்தை ஆளல. வியாபாரிங்க ஒருத்தர் கல்லைப் பாத்து இன்னொருத்தர் காப்பி பண்ணி, சந்திக்கிற இடத்துல எல்லாம் ஒப்பிட்டு, அப்படியே பரவியிருக்குங்கிறாங்க.

என் தீர்ப்பு கேட்டா, கல்லை உருவாக்கினது வியாபாரிங்க, வாசல்ல உக்காந்தவங்க அதை அப்புறமா எடுத்துக்கிட்டாங்க. ஒரு அதிகாரி மேல இருந்து திணிச்ச அளவை 700 வருஷம் இத்தனை ஊரு ஒழுங்கா காப்பாத்தும்னு நம்புறது எனக்கு கஷ்டம். தினமும் அதை வச்சு பொழைக்கிறவங்களுக்கு அது நேர்மையா இருக்கணும்ங்கிற அக்கறை இருந்தாத்தான் அது நடக்கும்.

குன்றிமணியை வச்சுதான் சிந்துவெளி எடை வந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

ரொம்ப நாளா இருக்கிற கருத்து, கெனோயரும் இதைச் சொல்லியிருக்கார். சிவப்பு உடம்பு, கருப்பு கண், நம்ம வேலியோரத்துல கொடியில காய்க்குமே அதேதான். ஒரு விதை 0.11 கிராம் வாக்குல. எட்டு விதை சேர்ந்தா சிந்துவெளியோட சின்ன யூனிட் கிட்ட வந்துடும், 128 விதை சேர்ந்தா 13.7-ஐ ஒட்டி வரும். எட்டும் 128-ம் ரெண்டுமே ரெட்டிப்பு வரிசையில வர எண்கள்தான். (குழந்தைங்க இருக்கிற வீட்டுல ஜாக்கிரதை, அந்த விதையோட விஷம் உயிரையே எடுக்கக் கூடியது.)

விதை எல்லாம் ஒரே எடையில இருக்கும்ங்கிறது மட்டும் நம்பக்கூடாத கதை. இதே கதையை மேற்கத்திய நாடுகள்ல கேரப்ங்கிற மரத்தோட விதைக்கு சொல்லுவாங்க, வைரத்துக்கு "கேரட்" வந்ததே அதுல இருந்துதான். 2006-ல சூரிச்ல ஆய்வாளர்கள் நிறுத்துப் பாத்தப்போ மத்த மர விதைங்க மாதிரியே அதுவும் கன்னாபின்னான்னு மாறுது. ஆனா கண்ணால பாத்து ஒரே மாதிரி விதையா பொறுக்கினா அந்த வித்தியாசம் பெருசா குறைஞ்சிடுது. அதாவது விதைக்குள்ள ஒண்ணும் மாயம் இல்ல, பொறுக்குற ஆளோட கண்ணுலதான் விஷயம் இருக்கு. அதோட நூறு விதையை மொத்தமா போட்டா பெருசும் சிறுசும் ஒண்ணையொண்ணு சரிக்கட்டிடும்.

நம்ம ஊர்லயும் இதே வழிதான் நடந்திருக்கு, ஆனா ரொம்ப பிற்காலத்துல. தஞ்சை பெரிய கோயில் கல்வெட்டுல நகை எடை எல்லாம் கழஞ்சு, மஞ்சாடி, குன்றியில வருது, 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு, எல்லாமே விதைங்க. ஆனா நிறுத்தது விதையை வச்சு இல்ல, பொன்னுக்கு "ஆடவல்லான்" என்னும் கல், ரத்தின நகைக்கு "தக்ஷிணமேருவிடங்கன்" என்னும் கல். விதை பேருக்கு, கல் வேலைக்கு. எந்தக் கல்லால நிறுத்தோம்னு கல்வெட்டுல வெட்டி வச்சிருக்காங்க பாருங்க, அந்த கவனம் இருக்கே, அதுக்காகவே அந்த வரிகளை படிக்கணும்.

சிந்துவெளியில நீளம் அளக்க ஸ்கேல் இருந்துச்சா?

துண்டு துண்டா கிடைச்சிருக்கு. எர்னஸ்ட் மக்கேங்கிற தொல்லியல்காரர் 1931-ல மொஹஞ்சதாரோவுல எடுத்த சங்குத் துண்டுல 9 பிரிவு, ஒவ்வொண்ணும் 6.7 மில்லிமீட்டர், அஞ்சு பிரிவுக்கு ஒரு தடவை குறி வச்சிருக்காங்க, அது 33.5 மில்லிமீட்டர். லோதல்ல கிடைச்ச தந்த ஸ்கேல்ல கோட்டுக்கு கோடு 1.7 மில்லிமீட்டர்தான், கண்ணைக் கசக்கிப் பாக்கணும். ஆனா ரெண்டு ஸ்கேலும் ஒரே முறையைச் சேந்ததான்னு சண்டை இருக்கு, துண்டும் கொஞ்சம்தான் இருக்கு, இதை வச்சு ரொம்ப தூரம் போகக்கூடாது.

செங்கல்தான் பலமான ஆதாரம். உயரம், அகலம், நீளம் 1:2:4. வீட்டுக்கு 7, 14, 28 சென்டிமீட்டர் வாக்குல, கோட்டைச் சுவருக்கு 10, 20, 40 வாக்குல. நீளம் அகலத்துல சரியா ரெண்டு மடங்கா இருந்தா ஒரு வரிசை நீளவாக்குல, அடுத்த வரிசை குறுக்குவாக்குல வச்சு கட்டலாம், கல்லை உடைக்காமலே மூலை சேரும், சுவரும் பிரியாது. கொத்தனார்கிட்ட கேளுங்க, உடனே புரியும். ஈர மண் காயும்போதும் சூளையில வேகும்போதும் சுருங்கும், அதனால அளவு அங்கங்க கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கு, விகிதத்தை மட்டும் விடாம பிடிச்சிருக்காங்க.

தானியத்தை எப்படி அளந்தாங்க?

பாத்திரத்தால. இதுக்கு மெசபடோமியாதான் நல்ல உதாரணம். கி.மு. நாலாயிரத்துக்கும் மூவாயிரத்துக்கும் நடுவுல உருக் நகர காலத்துல, வாய் சாய்வா வெட்டின மாதிரி முரட்டு மண்கிண்ணங்கள் லட்சக்கணக்குல செஞ்சு தள்ளியிருக்காங்க, கூலியா பார்லி போட்டுக் கொடுக்கன்னு பலரும் நினைக்கிறாங்க. அப்புறம் வந்த எழுத்துல சாப்பாட்டுக்கான குறியே அந்தக் கிண்ணம் மாதிரிதான் இருக்கு. ஆனா கிண்ணத்துக்குக் கிண்ணம் கொள்ளளவு மாறுது, அதனால எடைக்கல் அளவுக்கு இதுல கறார் இல்ல. அதுக்கும் முன்னாடியே, கி.மு. 8000 வாக்குல இருந்து, கூம்பு, உருண்டை, தட்டுன்னு சின்ன சின்ன மண் வில்லைகளை வச்சு பொருளைக் கணக்கு வச்சாங்க, டெனிஸ் ஷ்மாண்ட்-பெஸ்ஸெராங்கிற தொல்லியல் ஆய்வாளர் அதுல இருந்துதான் எழுத்தே பிறந்துச்சுன்னு வாதாடினாங்க. அளந்ததை ஞாபகம் வைக்கத்தான் எழுத்து வந்துச்சுன்னா, வரிசையில அளவு முன்னாடி, எழுத்து பின்னாடி.

ஒரு நாட்டு எடை இன்னொரு நாட்டுல செல்லுமா? எப்படி மாத்தினாங்க?

இதுக்கு ஒரு அருமையான ஆதாரம் இருக்கு. மெசபடோமியாவுல 1 மினா அரை கிலோ வாக்குல, 60 மினா சேர்ந்தா 1 டாலன்ட். தெற்கால இருந்த "ஊர்" (Ur) அப்படிங்கிற பேரு வச்ச நகரத்து வியாபாரிங்க தில்முனுக்கு, அதாவது இன்னைய பஹ்ரைனுக்கு, கப்பல்ல போயி செம்பு வாங்கிட்டு வருவாங்க. கி.மு. 1800-ஐ ஒட்டின காலத்து களிமண் பலகை ஒண்ணுல, ஒரே செம்புச் சரக்குக்கு ரெண்டு கணக்கு போட்டிருக்கு: ஊர் கணக்குல 611 டாலன்ட் சொச்சம், தில்முன் கணக்குல 13,100 மினா.

இப்போ நீங்களே போட்டுப் பாருங்க. 611-ஐ 60-ஆல பெருக்கினா 36,660 மினா. அதை 13,100-ஆல வகுத்தா 2.8. ஆக ஒரு தில்முன் மினா 2.8 ஊர் மினா, அதாவது 1.4 கிலோ கிட்ட. சிந்துவெளி வரிசையில 1600-ங்கிற கல் எவ்ளோ? 0.86-ஐ 1600-ஆல பெருக்கினா 1.38 கிலோ வாக்குல. மைக்கேல் ரோஃப்ங்கிற தொல்லியல்காரர் 1982-ல இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினார். பஹ்ரைன்ல தோண்டினப்போ சிந்து மாதிரி கனசதுரக் கல்லும் கிடைச்சிருக்கு. தில்முன்காரங்க சிந்துவெளி எடையை எடுத்துக்கிட்டு அதையே தங்களோட எடையா வச்சிருக்காங்க, பக்கத்துல இருந்த மெசபடோமியா எடையை விட்டுட்டு. எழுதவே இல்லாத அந்தக் கல்லோட எடையை நாம இன்னொரு நாட்டு கணக்குப்பிள்ளை வழியா தெரிஞ்சுக்கிறோம், நினைச்சாலே சிலிர்க்குது எனக்கு.

இங்கிலாந்து கல்வட்டங்களுக்கு "மெகாலிதிக் யார்டு"ன்னு ஒரு அளவு இருந்துச்சாமே?

அலெக்சாண்டர் தாம்ங்கிற ஆக்ஸ்ஃபோர்டு இன்ஜினியரிங் பேராசிரியர் பிரிட்டன்ல நூத்துக்கணக்கான கல்வட்டங்களை அளந்து, 2.72 அடி, அதாவது 83 சென்டிமீட்டர் வாக்குல ஒரே யூனிட்டை நாடு பூரா பயன்படுத்தினாங்கன்னு சொன்னார். உழைப்பு பெருசு, சந்தேகமே இல்ல. ஆனா 1974-ல புள்ளியியல் நிபுணர் டேவிட் கெண்டால் அந்த டேட்டாவை சோதிச்சப்போ அவ்ளோ வலுவா நிக்கல. 83 சென்டிமீட்டர் மனுஷனோட ஒரு எட்டுக்கு பக்கத்துல வருது, அதனால நடந்து அளந்திருக்கலாம்னு பலர் சொல்றாங்க. நானும் அந்தப் பக்கம்தான். சிந்துவெளியில கல்லே கையில இருக்கு, இங்க அளவுகோல் ஒண்ணு கூட கிடைக்கல, வட்டத்தை மட்டும் வச்சு ஊகம்.

சிந்துவெளி நகரங்கள் அழிஞ்சதும் அந்த எடை முறை என்ன ஆச்சு?

கி.மு. 1900-க்கு அப்புறம் முத்திரை, எழுத்து, கனசதுர எடைக்கல் மூணும் சேர்ந்தே மறையுது. தூர வியாபாரம் நின்னா எடைக்கல்லுக்கு வேலை கிடையாது. அப்புறம் ஆயிரம் வருஷத்துக்கும் மேல கழிச்சு கங்கைச் சமவெளியில முத்திரை குத்தின வெள்ளிக் காசு வருது, 32 குன்றிமணி, 3.4 கிராம் வாக்குல. சிந்துவெளியோட 4-ங்கிற கல்லும் 3.4 கிராம். உடனே "பாத்தீங்களா, தொடர்ச்சி"ம்பாங்க. இருக்கலாம், கெனோயர் உட்பட பலர் அப்படித்தான் சொல்றாங்க. ஆனா கல் மறைஞ்சாலும் குன்றிமணி கொடி வேலியில காய்ச்சுக்கிட்டேதான் இருந்துச்சு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே இன்னொரு தலைமுறை அதே விதையில இருந்து ஆரம்பிச்சு, அதே ரெட்டிப்பு வழியில போனா அதே எண்ணுலதான் வந்து நிப்பாங்க. ரெண்டுல எதுன்னு பிரிச்சு சொல்ல நடுவுல இருக்கிற காலத்துக்கு எடைக்கல் கிடைக்கணும்.

பசங்களுக்கு இதை வீட்டுல செஞ்சு காட்ட முடியுமா?

தாராளமா. ஒரு நேரான குச்சி, நடுவுல நூல் கட்டி தொங்க விடுங்க, ரெண்டு ஓரத்துலயும் பாட்டில் மூடி. களிமண்ணோ சப்பாத்தி மாவோ எடுத்து ஒரு சின்ன உருண்டையை முதல் யூனிட்டா வச்சுக்கோங்க. மேல சொன்ன மாதிரி 2, 4, 8-ன்னு 64 வரைக்கும் பசங்களையே செய்ய விடுங்க, நடுவுல டிஜிட்டல் தராசு பக்கமே போகக் கூடாது, எண்ணும் எழுதக் கூடாது. மாவு காய்ஞ்சா எடை குறையும், அதனால ஒரே மூச்சுல முடிங்க, தட்டை அடிக்கடி மாத்தி வச்சு பாருங்க. கடைசியா 64-ஐயும் 1-ஐயும் கிச்சன் தராசுல வைங்க, 1 ரொம்ப சின்னதா இருந்தா தராசு காட்டாது, அப்போ 8-ஐ வச்சு 64-ஐ வகுங்க. எட்டுக்கு எவ்ளோ கிட்ட வருதுன்னு பாத்துட்டு, பக்கத்து வீட்டுப் பசங்களோட செட்டை உங்க செட்டோட தட்டுல வச்சு பாருங்க.